குரூத் சீஸ் அல்ல

கோக்-ஜார்
1974 மார்ச் 28

தங்கை சைராகுலுக்கு,

உன் கையைக் கெடுத்துவிட்டார்கள். முதலில் இதை எழுதிவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வரைபட அலுவலகத்தில் மலைகளுக்கு மயிரிழைக் கோடு போடும் கை அது. அத்தை இறந்த நாற்பதாம் நாள் சாப்பாட்டில் நீ தேநீர் ஊற்றும்போது பார்த்தேன். விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம் ஊற்றுவதுதான் மரியாதை. நீ ஊற்றிய பாதி கிண்ணத்தில் விழவில்லை, விரிப்பில் விழுந்தது. பெண்கள் சிரித்தார்கள். "என்னடி சைரா, பனியில பொறந்த ஆட்டுக்குட்டி மாதிரி உதறுற? எர்மெக் வீட்ல அடுப்பே மூட்டறதில்லையா?" நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே உன் கணவனைப் பிடித்துக் கேட்டேன். "மனச்சோர்வுக்கு மாத்திரை குடுத்திருக்காங்க மச்சான். கை நடுக்கம் அதோட பக்கவிளைவு" என்றான். அதென்ன பக்கத்தில் விளைவது? நேர் எதிரே அல்லவா விளைந்திருக்கிறது.

யாரைக் கேட்டு உன்னை நரம்பு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள்? அப்பா இல்லாத வீட்டில் நான்தான் கேட்கப்பட வேண்டியவன். பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்போடு நின்றாலும், மீதியைச் செய்தித்தாளிலும் சட்டப் புத்தகத்திலும் நானே படித்துக்கொண்டவன். நம் ஆற்றுக்குப் பாலம் வந்ததே என் மனுக்களால்தான்.

மாத்திரைகளைக் கொட்டிவிடு. மே மாதம் மேய்ச்சல் மலைக்கு வா. குதிரைப்பால் குடி, தூங்கு, எழுந்திரு. சரியாகும்.

அண்ணி துர்துகானுக்கு மூட்டு வலி. மற்றபடி மந்தையும் உயிரும் சுகம். உனக்கு மந்தை இல்லை. உயிராவது சுகமா என்று எழுது.

அண்ணன்
தையிர்பெக்


ஃப்ரூன்ஸே
1974 ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அண்ணியின் மூட்டுக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவுங்கள். இங்கே எல்லோரும் சுகம்.

நீங்கள் எழுதியது எல்லாம் சரிதான். கை நடுங்குகிறது. வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உடம்பு பெருத்துப் பழைய உடைகளில் ஒன்றும் ஏறவில்லை. அலுவலகத்தில் என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு தாள்களை அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். "கொஞ்ச நாள்தான் சைரா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார் பிரிவுத் தலைவர். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.

ஆனால் மாத்திரைக்கு முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று நீங்கள் பார்க்கவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் வற்றி அடி கருகும்வரை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து அணைக்க வேண்டும் என்று தெரிந்தது. எழ முடியவில்லை. எர்மெக் பால்கனிக் கதவின் கைப்பிடியைக் கழற்றி எங்கேயோ வைத்துவிட்டார். குளிர் வருகிறது என்கிறார்.

என் டாக்டர் பெயர் லிதியா பாவ்லோவ்னா. ருஷ்யாவில் வோல்கா ஆற்றுப் பக்கத்துக்காரர், நல்லவர். கை நடுங்காத வேறு மருந்து இருக்கிறதாம். அதற்கு முன் சில வாரம் எந்த மருந்தும் இல்லாமல் இருக்க வேண்டுமாம். அந்த வாரங்களை நினைத்தால்தான் பயம்.

மலைக்கு வர இப்போது முடியாது. கோபப்படாதீர்கள்.

உங்கள்
சைரா


கோக்-ஜார்
1974 ஏப்ரல் 26

தங்கைக்கு,

கொழுப்புத் தடவியதில் அண்ணியின் வலி குறைந்தது. பார், அதற்கு எந்த டாக்டரும் வேண்டியிருக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே தபால் நிலையத்துக்குப் போய் எர்மெக்குக்குத் தொலைபேசி போட்டேன். வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாப்பிள்ள, என் தங்கச்சிக்கு என்ன, பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? போன வருஷம் குதிரை தள்ளி உங்க கால் ஒடிஞ்சப்ப மாவுக்கட்டு போட்டாங்களே, அப்ப உங்கள நொண்டின்னு சொன்னோமா?"

"கால் ஒடிஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சுதுய்யா!"

"இதுவும் தெரியுது மச்சான். பக்கத்துல படுத்திருக்கிறவனுக்குத் தெரியுது."

அதோடு இணைப்பு போயிற்று. வேண்டுமென்றே கம்பியைத் துண்டித்தானோ, தானாக அறுந்ததோ தெரியாது.

கதவில் குளிர் வந்தால் இடுக்கில் கம்பளி அடைக்கச் சொல். கைப்பிடியை எதற்குக் கழற்றுவது? நகரத்துக்காரர்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காகத் தெரியாது.

அண்ணன்
தையிர்பெக்


ஃப்ரூன்ஸே
1974 ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள்? அண்ணி எப்படி? குட்டிகள் எத்தனை பிழைத்தன? பழுப்புக் குதிரை ஈன்றுவிட்டதா? இவ்வளவு கேள்வி கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். கேட்க வேண்டும் என்ற ஆசை திரும்பி வந்திருக்கிறது.

புது மாத்திரை வேலை செய்கிறது. இதிலும் தொல்லை உண்டு. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. தூக்கம் குறைவு. ஆனால் கை நிற்கிறது. முந்தாநாள் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்து மலைகளுக்குச் சமஉயரக் கோடு போட்டேன், ஒன்றோடொன்று ஒட்டவில்லை. பிரிவுத் தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ஊர்ல இருந்து புதுக் கை எதாச்சும் வரவெச்சியா?" என்றார்.

இந்த மருந்துக்கு ஒரு விதி. லிதியா பாவ்லோவ்னா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்: "சைரா, விளையாட்டில்ல. இது சாப்பிடற வரைக்கும் சீஸ் கூடாது, ஒயின் கூடாது. ரத்த அழுத்தம் தலைக்கு ஏறிடும். உயிர் போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாக்டரம்மா, சீஸ் எங்க வீட்ல யாரு திங்கறா? புது வருஷத்துக்கு எர்மெக் கடையில கால் கிலோ வாங்குவாரு. ஓட்டை ஓட்டையா மஞ்சளா இருக்கும். அதையும் எலிக்குத்தான் வெப்போம்" என்றேன். அவரும் சிரித்தார். "அப்ப உனக்குக் கவலையே இல்ல, போ!"

பேருந்தில் திரும்பும்போது காரணமில்லாமல் மறுபடி சிரித்தேன். எதிரே இருந்த கிழவர் தானும் சிரித்தார்.

பால்கனியில் தக்காளிச் செடி வைத்திருக்கிறேன். கைப்பிடி திரும்ப வந்துவிட்டது. இப்போது நான் வரைவது எந்தப் பகுதி தெரியுமா? நம் கோக்-ஜார் பள்ளத்தாக்கு. உங்கள் மேய்ச்சல் மலை என் மேசைமேல் இருக்கிறது.

உங்கள்
சைரா


கோக்-ஜார்
1974 ஜூன் 22

தங்கைக்கு,

பழுப்புக் குதிரை ஈன்றது. பெண் குட்டி. நெற்றியில் வெள்ளை.

சீஸ் என்கிற கடைச்சரக்கு உனக்கு எதற்கு? டாக்டர் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நகரத்துக் குப்பையை எல்லாம் விட்டுவிட்டு நம் வீட்டுச் சாப்பாடு சாப்பிடு. லாரி ஓட்டும் சாவெத் அந்தப் பக்கம் வருகிறான். ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறேன். போன வருஷத்துக் குரூத், கல்லாக இறுகி நல்ல பதத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அறுத்த குதிரையின் காஸி, இத்தனை நாள் காற்றில் தொங்கி நன்றாகப் பழுத்த தொத்திறைச்சி. கோடு போடும்போது குரூத் உருண்டையை வாயில் அடக்கிக்கொள். வாய் காயாது.

வரைபடத்தில் என் மலைக்கு மேற்கே ஒரு ஊற்று இருக்கிறது. பழைய வரைபடங்களில் அதை விட்டுவிட்டார்கள். நீ விடாதே.

தையிர்பெக்


ஃப்ரூன்ஸே
1974 ஜூலை 10

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

வணக்கம். அண்ணியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். சைரா உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டோம். சைராவுக்குப் பசி இருந்தது. அதுவே எங்களுக்குப் பெரிய கொண்டாட்டம். பிறகு அவள் பலகையை விரித்துக் கோடு போட உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டு, "யாரோ கோடாலியால போடறாங்க எர்மெக்" என்றாள். வாந்தி. மூக்கிலிருந்து ரத்தம். வரைபடமெல்லாம் ரத்தம். இடது கண்ணின் வெள்ளை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர் அழுத்தம் பார்த்துவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்று எடுத்தார்.

மருத்துவமனைக்கு லிதியா பாவ்லோவ்னா ஓடி வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டிலிருந்தவர், வீட்டுச் செருப்பைக்கூட மாற்றவில்லை.

"சீஸ் சாப்பிட்டாளா?"

"இல்லைங்க டாக்டர். சத்தியமா இல்ல. காஸியும் குரூத்தும்தான்."

"குரூத்துன்னா?"

"அது... தயிர வடிகட்டி, உப்புப் போட்டு உருட்டி, வெயில்ல காய வெக்கறது. வருஷக்கணக்கா கெடாது."

அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அது சீஸ்தான்யா" என்றார். "காஸியும் ஆகாது. பழசாப் போன பாலு, பழசாப் போன கறி, எல்லாமே ஆகாது. நான் அப்படிச் சொல்லியிருக்கணும். சீஸ்னு சொன்னேன்."

நான் கேட்டிருந்தாலும் குரூத்தைச் சீஸ் என்று நினைத்திருக்க மாட்டேன். யார்தான் நினைப்பார்கள்?

மூளையில் ரத்தம் கசியவில்லை. மயிரிழையில் தப்பினாள். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

சாவெத் கொண்டுவந்த மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. நன்றி.

எர்மெக்


கோக்-ஜார்
1974 ஜூலை 19

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

கிர்கிஸ் மக்கள் நடுவில் சம்பளம் வாங்கும் டாக்டருக்குக் குரூத் தெரியவில்லை! தெருவுக்குத் தெரு கிழவிகள் வாளியில் வைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்ததில்லையா, வாங்கித் தின்றதில்லையா? தன் ஊர் வார்த்தையில் தடை சொல்லிவிட்டு, எங்கள் வாய்க்கு என்ன வழி என்று கேட்காமல் போனால் அதற்குப் பெயர் என்ன? கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறேன். நகரச் சுகாதாரத் துறைக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. பாலத்துக்கு எழுதியதைவிட நன்றாக எழுதியிருக்கிறேன்.

அந்தக் குரூத்தில் ஒரு குறையும் கிடையாது. துர்துகான் கையால் உருட்டியது. அதே பானையிலிருந்து ஊரே தின்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்குக் கண் சிவப்பு போயிற்றா? எழுது.

தையிர்பெக்


ஃப்ரூன்ஸே
1974 ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். கண் சிவப்பு போய்விட்டது. கையெழுத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், பழைய மாத்திரைக்குத் திரும்பிவிட்டேன். மன்னியுங்கள், சில எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும்.

உங்கள் மனுவால் விசாரணை வந்தது. லிதியா பாவ்லோவ்னாவை நோயாளிகளைப் பார்க்க விடாமல் கோப்பு அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். புது டாக்டர் இளைஞர். "அந்த மருந்து பேரையே எங்கிட்ட எடுக்காதீங்க. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்கிறார். என்னைப் போல அதே மாத்திரை சாப்பிட்ட மற்றவர்களுக்கும் நிறுத்திவிட்டார்கள். காத்திருக்கும் அறையில் ஒரு உஸ்பெக் பெண் என்னைப் பார்த்து, "உங்க வீட்லதான் மனு போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அண்ணா, தவறு நடந்தது உண்மை. அன்று நான் செத்திருப்பேன் என்பதும் உண்மை. ஆனால் ஜூன் மாதம் முழுக்க நான் உயிரோடு இருந்தேன். ஒரு பக்கம் இந்த நடுங்கும் கை, காய்ந்த வாய், தாள் அடுக்கும் வேலை. மறுபக்கம் வாழ்நாள் முழுக்கக் குரூத் இல்லை, காஸி இல்லை, எழுந்தால் தலைச்சுற்றல், தவறினால் சாவு. இரண்டையும் எடை போட வேண்டியவள் நான். நான் எடை போட்டுவிட்டேன். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். என்ன தின்னக்கூடாது என்று இனி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

லிதியா பாவ்லோவ்னாவைத் தவிர அதைக் கொடுக்க யாருக்கும் தைரியம் இல்லை. மனுவைத் திரும்பப் பெறுங்கள். உங்களிடம் வேறு எதுவும் நான் கேட்டதில்லை.

சைரா


கோக்-ஜார்
1974 செப்டம்பர் 3

தங்கைக்கு,

எழுதிய மனுவை நான் திரும்பப் பெற்றதில்லை. பாலத்தின்போது மாவட்டத் தலைவரே வீட்டுக்கு வந்து, என் தேநீரைக் குடித்துக்கொண்டு கேட்டார். மாட்டேன் என்றேன்.

உன்னைச் சாகக் கொடுத்தவளை உனக்கே மறுபடி டாக்டராக்கச் சொல்கிறாய். இது நீ பேசுவதில்லை, அந்த மாத்திரை பேசுகிறது. இரண்டு மாத்திரையும் வேண்டாம். மலையிலிருந்து மந்தை இறங்குவதற்குள் வந்துவிடு. குதிரைக்குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. உனக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தையிர்பெக்


கோக்-ஜார்
1974 அக்டோபர் 17

சைரா,

மந்தை இறங்கிவிட்டது. முதல் பனி விழுந்தது. அண்ணி சுகம்.

பதில் இல்லை. தபால்காரன் என்னைக் கண்டால் வேறு பாதையில் போகிறான். கோபமிருந்தால் கோபமாகவே எழுது. வெறும் தாளை மடித்துப் போட்டாலும் சரி, வந்தது என்று எடுத்துக்கொள்வேன்.

அண்ணன்


ஃப்ரூன்ஸே
1974 நவம்பர் 11

மச்சானுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் கடைசியில் சைரா பழைய மாத்திரையையும் தானாக நிறுத்திவிட்டாள். கோடு போட முடியாத கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றாள். உங்கள் கடிதங்களை மேசையில் வைத்திருந்தாள், பிரிக்கவில்லை. எழுந்து பிரிக்கும் சக்தி இல்லை என்று எனக்குத் தெரியும். கோபம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

போன வாரம் நான் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு நூர்ஸியா துணி காயப்போடத் தன் பால்கனிக்கு வந்தவள், எங்கள் பால்கனியில் கம்பிக்கு மேலே சாய்ந்திருந்த சைராவைப் பார்த்திருக்கிறாள். தடுப்பைத் தாண்டி வந்து, இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கத்திக் கூட்டம் சேர்த்திருக்கிறாள். "என்ன பொண்ணு நீ, தக்காளி பறிக்க இவ்ளோ தூரமா குனிவாங்க?" என்று திட்டிக்கொண்டே இருந்தாளாம், ஆட்கள் வரும்வரை. நூர்ஸியா இல்லையென்றால் இந்தக் கடிதம் தந்தியாக வந்திருக்கும்.

இப்போது பூட்டிய வார்டில் இருக்கிறாள். பழைய மாத்திரையை நாக்கைத் தூக்கிப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசாரணையில், குரூத்தும் காஸியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டார்கள். கடைத்தெருவில் வாங்கியது என்று எழுதிக் கொடுத்தேன். சைரா அப்படிச் சொல்லச் சொன்னாள். "நாம பொய் சொன்னது அண்ணனுக்குத் தெரியவே கூடாது" என்றாள். லிதியா பாவ்லோவ்னாவுக்கு உண்மை தெரியும். என்ன தின்றாள் என்று காட்ட நான் மருத்துவமனைக்குக் கொண்டுபோன மூட்டையின் மேல் உங்கள் கையெழுத்தில் பெயரும் முகவரியும் இருந்தன, அவர் பார்த்தார். விசாரணையில் அவரும் சொல்லவில்லை.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எர்மெக்


கோக்-ஜார்
1974 நவம்பர் 18

எர்மெக்குக்கு. இதைச் சைராவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. பிரித்துக் கையில் கொடுத்தால் போதாது. படி.

குரூத் சீஸ் அல்ல. இன்றும் அதைத்தான் சொல்கிறேன். நம் மொழியில் அது அல்ல. அந்த மாத்திரையின் மொழியில் சீஸ்தான். இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும், இல்லை. என் மனுவை நான் திரும்பப் பெறவில்லை. அதற்கு மேல் இன்னொன்று எழுதியிருக்கிறேன். அதன் நகலை இங்கே தருகிறேன், இன்னார் இன்னது செய்ய வேண்டும் என்று.

சுகாதாரத் துறை லிதியா பாவ்லோவ்னாவைக் கோப்பு அறையிலிருந்து எழுப்பி அவருடைய நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். நடந்த தவறு அவர் ஒருவருடையது அல்ல என்று எழுத்தில் தர வேண்டும். அந்த மாத்திரை நிறுத்தப்பட்ட எல்லோரையும் கூப்பிட்டு, வேண்டுமா என்று அவர்களையே கேட்க வேண்டும்.

மாத்திரை டப்பாவோடு கிர்கிஸ் மொழியில் ஒரு தாள் போக வேண்டும். அதில் சீஸ் என்று எழுதக்கூடாது. குரூத், காஸி, பழைய கறி, புளித்த பானம் என்று நாங்கள் வாயில் சொல்லும் பெயரில் எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வரட்டும், நான் எழுதித் தருகிறேன்.

லிதியா பாவ்லோவ்னா, எழுதிக் கொடுத்ததோடு நிறுத்தாமல், வீட்டில் என்ன தின்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். பதில் புரியாவிட்டால் மறுபடி கேட்க வேண்டும். சிரித்து அனுப்பக்கூடாது.

எர்மெக், நீ விசாரணைக்கு எழுதிக் கொடுத்த பொய்யைத் திருத்த வேண்டும். மூட்டை கோக்-ஜாரிலிருந்து வந்தது. அனுப்பியவன் தையிர்பெக். பெயரை முழுதாக எழுது, தகப்பன் பெயரோடு. கைப்பிடியைக் கழற்று. நூர்ஸியாவுக்கு ஒரு ஆடு தர வேண்டும், அதை நான் கொண்டுவருகிறேன்.

துர்துகான் வீட்டிலிருக்கும் குரூத் பானையை இன்றே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். சைரா எப்போது வந்தாலும் இந்த வீட்டில் அது இருக்கக்கூடாது. துர்துகான் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

சாவெத் அடுத்த வாரம் வியாழக்கிழமை லாரியில் என்னை ஏற்றிக்கொள்ள வேண்டும். கணவாயில் பனி என்கிறான். வழுக்காமலிருக்கச் சக்கரங்களில் சங்கிலி கட்டச் சொல்லியிருக்கிறேன். நான் முதலில் துறை அலுவலகத்துக்குப் போவேன். உள்ளே விடும்வரை வாசலில் நிற்பேன். பாலத்துக்கும் அப்படித்தான் நின்றேன். பிறகு வார்டுக்கு வருவேன்.

சைரா, அதுவரை அவர்கள் தரும் பழைய மாத்திரையை விழுங்கு. கை நடுங்கட்டும். வேறு எதையும் நீ செய்ய வேண்டாம். யாருக்காகவும் பொய் சொல்ல வேண்டாம், எனக்காக ஒருபோதும் வேண்டாம். எந்த மருந்து என்பதை நீயே எடை போடு. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நான் வந்து சேரும்வரை இரு.